1860இல் பெயர் இல்லாதவரை எங்கே தேடுவது?

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்ட் நகரில் வசிக்கிறோம். எங்கள் மருமகன் கறுப்பின அமெரிக்கர். பேத்திக்காக அவருடைய குடும்ப வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். அவர் முன்னோர் ஒருவர் 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனைவி மக்களோடு இருக்கிறார். 1860இல் தேடினால் அப்படி ஓர் ஆளே இல்லை. இதற்கு மேல் போக வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கணக்கெடுப்பை விட்டுவிட்டு, கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்ற ஆவணங்களுக்குள் இறங்க வேண்டும்.

1850, 1860 ஆண்டுகளில் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக வரும். ஆட்களின் பெயரை அநேகமாக எங்குமே எழுதவில்லை. 'ஆண், வயது 32' என்று ஒரு வரி பொருந்துகிறதே என்று அதை உங்கள் முன்னோராகக் குறித்துவிடாதீர்கள். பல குடும்ப வரைபடங்கள் தடம் மாறியது இந்த இடத்தில்தான்.

அவர் சுதந்திரமானவராக இருந்திருக்கக்கூடுமா என்பதை முதலில் பாருங்கள். 1860இல் வர்ஜீனியாவில் அடிமைத்தளையில் இருந்தவர்கள் சுமார் 4,90,000 பேர். சுதந்திரமான கறுப்பினத்தவர் சுமார் 58,000 பேர். பின்னவர்களின் பெயர்கள் பொது அட்டவணையிலேயே இருக்கும். எழுத்துக்கூட்டல் மாறியிருக்கலாம் என்பதால் நிதானமாகத் தேடுங்கள். கிடைத்தால், அந்தக் கவுண்டியின் சுதந்திரக் கறுப்பினத்தவர் பதிவேட்டுக்குப் போங்கள். 1793இல் நகரங்களில் தொடங்கிய இந்தப் பதிவை 1803இல் கவுண்டிகளுக்கும் விரித்தார்கள். பதிவு எண், பெயர், வயது, நிறம், உயரம், பிறப்பிலேயே சுதந்திரமானவரா, இல்லையென்றால் யார் விடுவித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1834க்குப் பிறகு உடலில் உள்ள தழும்புகளையும், விடுதலை உயில் வழி வந்ததா பத்திரம் வழி வந்ததா என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னது சட்டம். இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு, வலது கையில் ஒரு தீக்காயம் என்று படிக்கும்போது மனம் கனக்கும். கண்காணிப்பதற்காக எழுதிய பதிவுதான்; ஆனாலும் புகைப்படம் இல்லாத ஒரு மனிதரின் உருவம் நமக்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது.

சுதந்திரப் பதிவுகளில் அவர் இல்லையென்றால், இனி நீங்கள் தேட வேண்டியது அவரை அல்ல, அவரை உடைமையாக வைத்திருந்தவரை. சட்டம் அவரைச் சொத்தாக நடத்தியதால், அவர் பெயர் சொத்து ஆவணங்களில்தான் இருக்கும்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கக் குடும்பப்பெயரை மட்டும் நம்பாதீர்கள். விடுதலையானவர்கள் எல்லோரும் கடைசி உரிமையாளரின் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. சில கவுண்டிகளில் 1866ஆம் ஆண்டின் 'கணவன் மனைவியாக வாழ்வோர்' பதிவேடு தப்பியிருக்கிறது. அதில் இருவரின் வயது, பிறந்த இடம், கடைசி உரிமையாளர், குழந்தைகளின் பெயர் ஆகியவை ஒரே வரிசையில் இருக்கும். உங்கள் கவுண்டிக்கு அது இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால், விடுதலையானோருக்கான கூட்டாட்சி அரசு அலுவலகத்தின் கூலி ஒப்பந்தங்களைப் பாருங்கள். 1870 கணக்கெடுப்பின் அதே பக்கத்திலும் அடுத்த பக்கங்களிலும் வரும் வெள்ளையின நிலவுடைமையாளர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளரின் பெயர் கிடைத்தபின் அவருடைய உயில், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், வாரிசுகளிடையே நடந்த பாகப்பிரிவினை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். பட்டியலில் மாடு, கலப்பை, கட்டில் ஆகியவற்றோடு மனிதர்களின் பெயரும் டாலர் மதிப்போடு வரும். 'ஹானாவும் குழந்தையும்' என்பதுபோல் ஒரே வரியில் இருவருக்கும் சேர்த்து ஒரு விலை போட்டிருந்தால், தாய் சேய் உறவுக்கு அதுவே சான்று. பாகப்பிரிவினையில் அந்தத் தாய் ஒரு மகனுக்கும் பிள்ளை இன்னொரு மகளுக்கும் போயிருக்கலாம். அதனால் எல்லா வாரிசுகளின் ஆவணங்களையும் பின்தொடருங்கள். உரிமையாளருடைய மனைவியின் தந்தை எழுதிய உயிலைப் பலர் பார்ப்பதே இல்லை. திருமணத்தின்போது மகளுக்குக் கொடுக்கப்பட்டவர்கள் அங்கேதான் இருப்பார்கள். தாயின் நிலையே பிள்ளைக்கும் என்று வர்ஜீனியா 1662லேயே சட்டம் செய்துவிட்டதால், தாய்வழியில் தேடுவதே பலன் தரும்.

1853 முதல் மாநிலம் நடத்திய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளிலும் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உரிமையாளரின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

நீங்கள் இருக்கும் ரிச்மண்டிலேயே வர்ஜீனியா மாநில நூலகம் இருக்கிறது. கவுண்டி ஆவணங்களின் மைக்ரோஃபிலிம் அங்கே உண்டு. சொத்துத் தகராறு வழக்குகளின் அட்டவணையையும், அடிமைப்படுத்தப்பட்டவர்களையும் சுதந்திரக் கறுப்பினத்தவரையும் பற்றிய ஆவணங்கள் அடங்கிய 'வர்ஜீனியா அன்டோல்ட்' என்ற தொகுப்பையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஹானோவர், ஜேம்ஸ் சிட்டி போன்ற கவுண்டிகள் என்றால் சிரமம் கூடும். உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பிய அவற்றின் ஆவணங்கள் 1865 ஏப்ரல் தீயில் எரிந்தன. அப்படிப்பட்ட கவுண்டி என்றால், மாநிலத் தணிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்திருந்த வரிப் பட்டியல் பிரதிகளில் தொடங்குங்கள். அந்த உரிமையாளருக்கு அண்டைக் கவுண்டியில் நிலமோ வழக்கோ இருந்ததா என்றும் பாருங்கள்.