யாழ்ப்பாணத்தில் சுகப்பிரசவம், நம் ஊரில் சிசேரியனா?

கேள்வி: எனக்கு ஐந்து மாதம், முதல் பிரசவம், திருச்சியில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நாத்தனாருக்கு அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். மருத்துவமாது (மிட்வைஃப்) வீட்டுக்கே வந்து பார்த்தாராம். எங்கள் தெருவில் அண்மையில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் சிசேரியன். அங்கேயே போய்விடலாமா? இங்கேயே இருந்தால் எப்படித் தவிர்ப்பது?

பதில்: யாழ்ப்பாணம் போக வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9% சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8%, அரசு மருத்துவமனைகளில் 36%. வயது, எடை, சர்க்கரை என்று காரணங்கள் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அவை போதாது. சிக்கலான கேஸ்கள் பலவும் கடைசியில் அரசு மருத்துவமனைக்குத்தானே வந்து சேர்கின்றன!

இலங்கையிலும் சிசேரியன் ஏறிக்கொண்டுதான் வருகிறது, 2016 ஆய்வில் ஏறக்குறைய 32%. அவர்களின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து, பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு தேடிப் போவது அங்கே வழக்கமாக வளர்ந்தது. 1930களில் லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்த நாட்டில் இப்போது அந்த எண் 30 அளவில் நிற்கிறது. 2018-20 கணக்கில் இந்தியாவுக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54.

பங்களாதேஷைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. 2022 ஆய்வில் 65% பிரசவங்கள்தான் மருத்துவமனையில் நடந்தன, ஆனால் மொத்தப் பிரசவங்களில் 45% சிசேரியன், அதாவது மருத்துவமனைக்குள் போன மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கத்தி, போக முடியாத மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு வீட்டில் அவசரம் வந்தால் ஆளில்லை. நேபாளத்தில் சிசேரியன் 18% அளவில்தான், ஆனால் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தாய் இறப்பு லட்சத்துக்கு 151. ஆகவே எண்ணிக்கை குறைவாக இருந்தாலே நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். நாட்டளவில் 10%ஐத் தாண்டிய பிறகு சிசேரியன் கூடுவதால் தாய் சேய் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்னது. அதற்காக, தேவைப்படும் ஒரு பெண்ணுக்கு அதை மறுத்துவிடக் கூடாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. மருத்துவமனையில் “உங்கள் சிசேரியன் சதவீதம் என்ன” என்று பொதுவாகக் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: முதல் பிரசவம், ஒரே குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்து தானாக வலி வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகிறது? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் இடத்தில் சேருங்கள். இரவில் டாக்டர் இருப்பாரா, பிரசவ அறையில் அம்மாவோ அக்காவோ கூட இருக்கலாமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடும்.

வலி வந்ததும் ஓடிப்போய்ப் படுத்துவிட வேண்டியதில்லை. கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கும், முதல் பிரசவத்தில் அதற்குப் பிறகும் 12 மணி நேரம் வரை ஆகலாம். தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை, மணிக்கு 1 செ.மீ. திறக்கவில்லை என்ற ஒன்றுக்காக மட்டும் அறுவை தேவையில்லை. “கொடி சுத்தியிருக்கு” என்பதும் தனியாக ஒரு காரணம் ஆகாது. நஞ்சு (பிளசென்டா) கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், இதயத் துடிப்பு இறங்கினால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் சிசேரியனைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்குக் காரணம், அது அடுத்த பிரசவத்தையும் பாதிக்கும் என்பதுதான். பழைய தழும்பில் நஞ்சு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு அறுவைக்கும் கூடுகிறது. நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து வெட்டச் சொல்லும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். 39 வாரத்துக்கு முன்னால் அப்படி எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பும் அதிகம்.

கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து தாய் சேய் நல அட்டையைக் கையில் வைத்திருங்கள், ரத்த அழுத்தம், ரத்த அளவு, சர்க்கரை மூன்றையும் தவறாமல் பாருங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், ரத்தக் கசிவு, குழந்தை அசைவு குறைதல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.