'இன்டர்வென்ஷன்' என்று எழுதியிருக்கிறார்களே, அப்படியென்றால் என்ன செய்வார்கள்?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா ஆரம்பித்த உதிரிபாகக் கம்பெனியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 80 பேர் வேலை செய்கிறார்கள். டெலிவரி தள்ளிக்கொண்டே போவதால் ஒரு ஓ.டி. கன்சல்டன்டைக் கூப்பிட்டோம். அவர் தந்த புரொபோசலில் டயக்னாசிஸ், இன்டர்வென்ஷன், ரெசிஸ்டன்ஸ், ரேசி, ரைட்சைசிங் என்று பக்கம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது. மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினோம். வெளியே வந்து பேசினால் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. அடுத்த வாரம் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் என்ன கேட்பது?

பதில்: கையெழுத்துக்கு முன்பே கேட்டீர்களே, நல்லது. பாதிப் பணம் கட்டிய பிறகு வந்து கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஓ.டி. என்பது நிறுவன மேம்பாடு. 1940களில் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் தொழிற்சாலைகளுக்குள் போய், மனிதர்கள் சேர்ந்து வேலை செய்வதை நேரில் கவனித்ததில் இருந்து வளர்ந்த துறை இது. டயக்னாசிஸ் என்றால் உங்கள் ஆட்களிடம் பேசி, வேலை நடப்பதைப் பார்த்து, எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கப்புறம் செய்கிற எதற்கும் இன்டர்வென்ஷன் என்றுதான் பெயர். ஒரு நாள் பயிற்சியும் அதுதான், புரொடக்‌ஷனையும் டிஸ்பாட்சையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசுவதும் அதுதான். ஆகவே அந்தச் சொல் வருகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டு, யார், யாருடன், எத்தனை நாள், என்ன செய்வார்கள் என்று பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். டயக்னாசிஸ் தொடங்கும் முன்பே இன்டர்வென்ஷன் இன்னதுதான் என்று முடிவாகியிருந்தால் காரணம் கேளுங்கள். நாடி பிடிக்காமல் மருந்து எழுதக் கூடாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் சூப்பர்வைசர் கன்சல்டன்டிடம் மனம் திறந்து பேசினால் அது அவர் பெயரோடு உங்களிடம் வருமா? வராது, எல்லோரும் சொன்னதைத் தொகுத்துத்தான் தருவேன் என்று சொல்பவரே சரியான ஆள். உங்களுக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும், ஆனாலும் அதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ரெசிஸ்டன்ஸ் என்ற சொல்லிடம் மட்டும் ரொம்பவே கவனமாக இருங்கள். மாற்றத்துக்கு ஊழியர்கள் காட்டும் எதிர்ப்பு என்று பொருள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. வர்ஜீனியாவில் பைஜாமா தைக்கும் ஆலை ஒன்றில், வேலை முறையை மாற்றும் போதெல்லாம் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் வேலையை விட்டுப் போனார்கள். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அங்கே ஒரு சோதனை செய்து 1948இல் முடிவை வெளியிட்டார்கள். மாற்றத்தை வெறுமனே அறிவித்த குழுவில் உற்பத்தி எழும்பவே இல்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் விலகிவிட்டார்கள். புதிய முறையை வகுப்பதிலேயே எல்லோரையும் சேர்த்துக்கொண்ட குழுக்களோ சீக்கிரமே தேறி, பழைய அளவையும் தாண்டின. அதே ஆலை, அதே மாதிரி ஆட்கள். ஆக, எதிர்ப்பு ஆட்களின் குணத்தில் இல்லை. மாற்றம் அவர்களிடம் வந்த விதத்தில் இருந்தது. அந்த ஆலையின் ஆய்வுகளுக்கு வழிகாட்டிய உளவியலாளர் குர்ட் லெவினும் இதைத்தான் வலியுறுத்தினார்: தள்ளுகிற வேகத்தைக் கூட்டுவதைவிடத் தடுக்கிற விஷயத்தைக் குறைப்பது மேல்.

நானே இதைக் கண்ணால் பார்த்தேன். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் ஷாப். 22 வருஷம் வேலை பார்த்த சூப்பர்வைசர் ஒருவர் புதிய சாஃப்ட்வேரில் என்ட்ரி போடுவதே இல்லை. கன்சல்டன்டின் ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஹை ரெசிஸ்டன்ஸ்' என்று இருந்தது. ஒரு ஷிப்ட் முழுக்க அவர் கூடவே நின்றேன். கம்ப்யூட்டர் இருந்தது மாடியில், ஏசி அறையில். எண்ணெய்க் கையோடு உள்ளே போகக் கூடாது. ஒவ்வொரு ஜாப் கார்டுக்கும் கை கழுவி, செருப்பைக் கழற்றி, மாடி ஏற வேண்டும். மனிதர் சட்டைப்பையில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். அன்றைய ஒவ்வொரு பீஸும் அதில் இருந்தது, ரிஜெக்‌ஷன் உட்பட. கம்ப்யூட்டரைக் கீழே இறக்கி, திரையைத் தமிழில் மாற்றினார்கள். பத்தே நாளில் என்ட்ரி ஒழுங்காக வந்தது. அந்த ரிப்போர்ட்டைப் படித்த முதலாளி அதற்கு முந்தின மாதம்தான் அவரை வேலையை விட்டு அனுப்ப யோசித்திருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு பதறுகிறது.

ரேசி எளிது, உங்களுக்கு உடனே பயன்படும். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விதமான ஆட்களைக் குறிக்கும் அட்டவணை அது: செய்பவர், பதில் சொல்ல வேண்டியவர், முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டியவர், தகவல் மட்டும் தர வேண்டியவர். பதில் சொல்ல வேண்டியவர் ஒரு வேலைக்கு ஒருவர்தான். குடும்பக் கம்பெனியில் இடிப்பது இங்கேதான். எந்த ஆர்டர் முதலில் ஓடும் என்பதை அப்பாவும் சொல்கிறார், நீங்களும் சொல்கிறீர்கள், மேனேஜரும் சொல்கிறார் என்றால் டெலிவரி தள்ளிப்போக வேறு காரணமே வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் இன்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள். கன்சல்டன்ட் தேவையில்லை.

ரைட்சைசிங் பெரும்பாலும் ஆட்குறைப்புக்கு வைத்த மென்மையான பெயர். எத்தனை பேர், எந்தப் பிரிவில் என்று நேராகக் கேளுங்கள். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால் முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளக் கணக்கில் இழப்பீடும் தர வேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவு புரொபோசலில் இருக்காது. டெலிவரி தாமதத்துக்காகக் கூப்பிட்டவரிடம் இந்தப் பேச்சு எப்படி வந்தது என்றும் கேட்டுவிடுங்கள்.

சரி, அடுத்த வாரம் வரை பொறுக்க வேண்டாம். கன்சல்டன்டை ஒரு நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஷாப் ஃப்ளோருக்கு வரச் சொல்லி, இதே புரொபோசலை உங்கள் சூப்பர்வைசர்களுக்குத் தமிழில் கால் மணி நேரம் விளக்கச் சொல்லுங்கள். ஸ்லைடு வேண்டாம். அவர்கள் என்ன கேள்வி கேட்கிறார்கள், அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பின்னால் நின்று பாருங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.