கத்தி உவமை போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஸ்டோபியா, அதாவது மனிதர்கள் அடக்குமுறையில் நசுங்கும் கொடுங்கனவு போன்ற சமூகம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். தொழில்நுட்பத்துக்கும் அதில் பங்குண்டு என்கிறீர்கள். கத்தியால் பழமும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம். குற்றம் கையில்தானே? நல்லவர்கள் கையில் இருந்தால் எந்தக் கருவியும் நல்லதே செய்யும். கருவியைப் பழித்தால் மனிதர்கள் தப்பிவிட மாட்டார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. உத்தரவு போட்டவரும் கையெழுத்திட்டவரும் இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவக் கூடாது. சரி, அதில் நமக்குள் சண்டையில்லை. ஆனால் கத்தி உவமை எனக்குப் போதவில்லை. கத்தியைக் கீழே வைத்தால் சும்மா கிடக்கும். ஒரு பதிவேடு அப்படிக் கிடக்காது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நெதர்லாந்தில் மிக ஒழுங்கான மக்கள் பதிவேடு இருந்தது. பெயர், முகவரி, பிறந்த நாள், கூடவே மதம். யாருக்கும் கெடுதல் நினைத்து அதை உருவாக்கவில்லை. நிர்வாக வசதிக்காக, நேர்மையான ஊழியர்கள் பராமரித்து வந்தார்கள். 1940 மே மாதம் ஜெர்மன் படை நுழைந்தது. அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பதிவேடு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார், எங்கே என்று தேடும் வேலையில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்திருந்தது.

1943 மார்ச் 27 இரவு, வில்லெம் அரோன்டேயஸ் என்ற ஓவியரும் தோழர்களும் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் புகுந்து தீ வைத்தார்கள். பதிவேட்டு அட்டைகளில் சிறு பகுதிதான் அழிந்தது. அரோன்டேயஸ் உட்படப் பன்னிரண்டு பேர் அந்த ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துவிடும். உயிரைக் கொடுத்தும் அவர்களால் அதை முழுதாக அழிக்க முடியவில்லையே!

நாஜிகள் செய்தது துஷ்பிரயோகம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பதிவேட்டில் மதத்தைக் குறிக்க ஒரு கட்டம் வேண்டும் என்று முடிவெடுத்தது நாஜிகள் அல்ல, அவர்களுக்கு முன்பிருந்த நல்லவர்கள். நீங்கள் சொல்லும் ‘நல்லவர்கள் கை’ மாறிவிட்டது. கட்டம் அப்படியே இருந்தது.

இன்னொன்று, துஷ்பிரயோகமே இல்லாமலும் கேடு வரும். 1920களில் பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கினார்கள். எஞ்சின் ‘தட்தட்’ என்று இடிக்காமல் சீராக ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். அது நிறைவேறியது. யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை, எல்லோரும் சொன்னபடியே வண்டியில் ஊற்றினார்கள். புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. கார்களுக்கான பெட்ரோலிலிருந்து அது உலகம் முழுக்க ஒழிய 2021 ஆகிவிட்டது. ஈயம் நஞ்சு என்பது கலக்கத் தொடங்கும்போதே தெரிந்த விஷயம் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாதது.

அதனால் மனிதர்களைத் தப்பவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கடைசியில் கத்தியைப் பிடித்தவரோடு நிறுத்தாமல், அதற்கு முன்னால் போய் வடிவமைத்தவரையும் அனுமதித்தவரையும் கேள்வி கேட்கச் சொல்கிறேன். முகத்தை அடையாளம் காணும் கேமராவோ, போகும் இடமெல்லாம் குறித்துக்கொள்ளும் செயலியோ புதிதாக வரும்போது, அது யார் கையில் இருக்கிறது என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். எதையெல்லாம் சேமிக்கிறது, எத்தனை நாளில் அழிக்கிறது, வேண்டாம் என்றால் நிறுத்த முடியுமா என்பதுதான் முதலில். அப்புறம், இதிலும் உங்களுக்கு மறுப்பிருந்தால் அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்