நனவிலி மனம் உண்மையிலேயே நம் ஆளுமையை இயக்குகிறதா?

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவர் பிராய்டின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்களே, பிறகும் நனவிலி மனம் பற்றி ஏன் பேசுகிறோம், புத்தகம் படித்தே அதைத் தெரிந்துகொள்ள முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உளவியல் படித்தவன் அல்லன். உளவியக்க முறையில், அதாவது நம்மை அறியாமல் நம்மை இயக்குவதைப் பேசிப் பேசிக் கண்டறியும் முறையில், சிகிச்சை அளிக்கும் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகள், வாரம் ஒருமுறை போய்ப் பேசியவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

மூன்றாம் மாதம் அவர் இரண்டு வாரம் விடுமுறையில் சென்றார். "தாராளமாகப் போய் வாருங்கள்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் திரும்பி வந்த வாரம் நான் இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். அதற்கடுத்த வாரம் போகவே மறந்துவிட்டேன். எதற்கும் முன்கூட்டியே போய் நிற்கிற ஆள் நான். "நான் போனதில் உங்களுக்குக் கோபம் இருக்குமோ?" என்று அவர் கேட்டபோது உறுதியாக மறுத்தேன். அன்றிரவுதான் நினைவு வந்தது. வெளியூரில் வேலை பார்த்த அப்பா வீடு திரும்பும் நாட்களில், தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். அவர் வந்து தொட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

"என்னையும் அறியாமல்" என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அதுதான் நனவிலி. அதைப் பூட்டிய நிலவறை போலவும், உள்ளே பயங்கர ரகசியங்கள் இருப்பது போலவும் கற்பனை செய்யத் தேவையில்லை. எனக்குத் தெரிந்தவரை அது பெரும்பாலும் நாம் திரும்பத் திரும்பச் செய்கிற காரியங்களில்தான் வெளிப்படுகிறது.

பழைய உறவின் உணர்ச்சிகளை இன்றைய மனிதர் மீது ஏற்றுவதை உணர்வுமாற்றம் என்கிறார்கள். பிராய்டுக்கு இதன் முக்கியத்துவத்தை உணர்த்தியது ஒரு தோல்வி. 'டோரா' என்று அவர் பெயர் மாற்றி எழுதிய பதினெட்டு வயதுப் பெண், ஏறத்தாழ மூன்று மாதத்தில், 1900 டிசம்பர் 31 அன்று சிகிச்சையை முறித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் தன் மீது எதை ஏற்றினாள் என்பதை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறியதாக, 1905இல் வெளியிட்ட குறிப்பில் பிராய்டே ஒப்புக்கொண்டார். அவர் எழுதியவற்றில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான்.

மனத்தின் மூன்று கூறுகளாக பிராய்டு வகுத்த இட், ஈகோ, சூப்பர் ஈகோ எல்லாம் 1923இல் வந்தவை. ஜெர்மனில் அவர் எழுதியது 'அது', 'நான்', 'மேல்-நான்' என்ற சாதாரணச் சொற்களையே. லத்தீன் உடை ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏறியது. மூளைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பிராய்டு சொன்னதையெல்லாம் நான் ஏற்கவில்லை. பெண்களின் மனம் பற்றி அவர் எழுதியதை 1920களிலேயே உளப்பகுப்பாய்வாளர் காரென் ஹார்னி மறுத்தார். எந்த விளைவு வந்தாலும் விளக்கிவிடுகிற கோட்பாட்டைப் பொய்ப்பிக்க வழியே இல்லை என்ற அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பரின் விமர்சனமும் வலுவானது. "நீ மறுக்கிறாய், ஆகவே அது உண்மை" என்று சொல்லும் சிகிச்சையாளரிடம் தயவுசெய்து போகாதீர்கள். என் சிகிச்சையாளர் என்னிடம் கேட்டது கேள்வியாகவே இருந்தது. நான் மறுத்ததும் விட்டுவிட்டார்.

நமக்குத் தெரியாமலே மனம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதற்கு பிராய்டின் துணைகூட வேண்டியதில்லை. நினைவாற்றல் இழந்த ஒரு பெண்ணிடம் கை குலுக்கும்போது, விரல்களுக்கிடையே மறைத்த ஊசியால் குத்தினார் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் கிளாபரேத். பின்னர் அவர் கை நீட்டியபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள். குத்தியது அவளுக்கு நினைவில்லை. 1911இல் பதிவான நிகழ்வு இது. ஆனால் இது பிராய்டு சொன்ன ஒடுக்கப்பட்ட ஆசைகளுக்குச் சான்றாகாது. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

புத்தகம் போதுமா என்றால், எனக்குப் போதவில்லை. உணர்வுமாற்றம் பற்றி முன்பே படித்திருந்தேன். தாமதமாகப் போன அன்று அது நினைவுக்கே வரவில்லை. அந்தக் கோபம் வெளியே வர, விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்த ஒரு மனிதர் எதிரில் இருக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அவரிடம், "ஆமாம், கோபம்தான்" என்றேன். அதைச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. அவர் காத்திருந்தார்.