45 நாள் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: கல்யாணமாகி மூன்று வருடம். போனை எடுக்கத் தாமதமானால் என் மனைவி, "நான் வேண்டாம்தானே, போயிடு" என்று கத்துகிறாள். ஒரு மணி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். போன மாதம் கையைக் கீறிக்கொண்டாள். ஆன்லைன் ஆலோசகர் ஒருவர் 'பார்டர்லைன்' என்கிறார். 45 நாளில் குணமாக்குவாராம். முன்பணம் கேட்கிறார்.

பதில்: கட்டாதீர்கள். அரை மணி நேர வீடியோ காலில் ஒட்டுகிற பெயர் இல்லை இது. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (கைவிடப்படுவோமோ என்ற பயத்தில் உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் மாறும் மனநலப் பிரச்சினை) என்று சொல்ல, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதுவும் இளவயதிலிருந்தே தொடர்ந்து. சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர், அல்லது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பதிவு எண்ணைக் கேளுங்கள். சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் சர்டிபிகேட் வாங்கியவர் அங்கேயே பேச்சை மாற்றிவிடுவார்.

உங்கள் மனைவிக்கு அந்தக் கோளாறு இருக்கலாம் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்வேன். இருந்தால், அது நடிப்பில்லை. நீங்கள் எடுக்காத அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு மீட்டிங்; அவருக்கு, புருஷன் விட்டுவிட்டுப் போன பத்து நிமிடம். காலையில் அவருக்குத் தெய்வமாக இருந்த நீங்கள் மதியம் எதிரியாவது அந்தப் பயத்தில்தான். "சும்மா பண்ணாதே" என்றால் பயம் ஏறும். "ஒன்பது மணி வரை மீட்டிங், ஒன்பது பத்துக்குக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, ஒன்பது பத்துக்கே கூப்பிடுங்கள்.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது, பேச்சு சிகிச்சைதான். இப்படிச் சொன்னதும் சிலர் வீட்டிலிருக்கும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மாத்திரை வேண்டியிருக்கலாம். தூக்கமே இல்லையென்றாலும் கொஞ்ச நாளைக்குத் தேவைப்படலாம். ஏற்கெனவே சாப்பிடுவதைத் திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும். மருத்துவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

பேச்சு சிகிச்சையில் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி.க்கு (பொங்கும் உணர்ச்சியைச் சமாளிக்கப் பழக்கும் சிகிச்சை) நல்ல ஆதாரம் உண்டு. அவரே இளவயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் இருந்தவர்தான். வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழு வகுப்பு, ஏறக்குறைய ஒரு வருடம். 45 நாளாம்! அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. அதற்குள் மாத்திரைதான் எழுத முடியும். உட்கார்ந்து பேச ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த இடைவெளியில்தான் பேக்கேஜ்காரர்கள் கடை விரிக்கிறார்கள்.

கையைக் கீறியதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். மாத்திரை, பிளேடை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலும். போலீஸ் கேஸாகும் என்று யாராவது பயமுறுத்தினால், 2017 மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது என்று சொல்லுங்கள்.

அவர் மருத்துவரிடம் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று உங்களையும் கேட்பார்கள்.