வாயில இரும்பு வேணாம், சரி... மூக்குல என்ன மாட்டப் போறீங்க?

ரெண்டு வாரம் முன்னாடி ஒருத்தருக்குப் பதில் சொல்றப்ப, குதிரை வாயில இரும்பு போடாமயே ஓட்டலாம், அதுக்குன்னு பிட்லெஸ் கடிவாளம் விக்குதுன்னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான். மிக்ஸி, இன்வெர்ட்டர்னு வாசகர் கேள்வி வந்துக்கிட்டிருந்த எடத்துல இந்த வாரம் பூரா குதிரை. டெல்டாவுல இத்தனை குதிரை இருக்கான்னு எனக்கே ஆச்சரியம். கடிதத்தையெல்லாம் வெட்டிச் சுருக்கித்தான் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: பீச்சுல ரெண்டு குதிரை வச்சு சவாரி விட்டுப் பொழைக்கிறேன். வாயில இரும்பப் பாத்துட்டு வர்றவங்க திட்டுறாங்க. 'வலியே இல்லாத பிட்லெஸ்'னு போட்டிருந்தத ஆன்லைன்ல 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். ரெண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கம்பி, தாடைக்குக் கீழ சங்கிலி. மாட்டினதுலேருந்து குதிரை தலையத் தூக்கித் தூக்கி அடிக்குது. கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கிறான். (வேளாங்கண்ணி)

பதில்: அண்ணே, தப்பு ஒங்க மேல இல்ல. நல்ல எண்ணத்துல காச எடுத்து வச்சவர ஏமாத்தியிருக்கானுங்க, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்.

ஒங்களுக்கு வந்திருக்கறது மெக்கானிக்கல் ஹேக்கமோர். வாயில இரும்பு இல்ல, வாஸ்தவம்தான். ஆனா அந்தக் கம்பி கடப்பாரை மாதிரி நெம்பும், நீளமா இருக்க இருக்க நீங்க லேசா லகான இழுத்தாக்கூட மூக்குலயும் தாடையிலயும் பிடரியிலயும் பல மடங்கா அழுத்தும். பழகுன கைக்காரன் கையில அது ஒரு கருவி, நாளைக்கு நாப்பது பேரு ஏறி இறங்கி ஆளாளுக்கு லகானப் புடிச்சு இழுக்கற பீச்சுக் குதிரைக்கு அது தண்டனை. பிட்லெஸ்ங்கறது ஒரே பொருளோட பேரு இல்லண்ணே, வாயில இரும்பு இல்லங்கறத மட்டுந்தான் அது சொல்லுது, மூக்குல என்ன இருக்குன்னு சொல்றதே இல்ல. 'வலியே இல்லாத'ன்னு அட்டையில அடிக்கறவன எல்லாம் வரிசையா நிக்க வச்சு அவன் மூக்குலயே ஒரு தடவ மாட்டி இழுத்துப் பாக்கணும். கெமிக்கலே இல்லாத வெல்லம்னு பளபளன்னு மஞ்சளா விக்கறானுங்களே, அதே ஜாதி இதுவும்.

ஒண்ணு செய்ங்க. குதிரையோட மூக்குத்தண்ட மேலேருந்து கீழ விரலால தடவிக்கிட்டே வாங்க. கெட்டியா வந்துக்கிட்டிருக்கும், நாசிக்கு மேல ஒரு எடத்துல திடீர்னு அமுங்கும். அங்கதான் எலும்பு மெலிஞ்சு முடியுது, அதுக்குக் கீழ குருத்தெலும்புதான். மூக்குப்பட்டை அந்த எடத்துக்குக் கீழ எறங்கவே கூடாது. குதிரைக்கு நம்மள மாதிரி வாயால மூச்சு விட வராது, மூக்கு மட்டுந்தான் வழி. அங்க போட்டு அமுக்கினா அது தலைய அடிக்காம என்ன செய்யும்?

ஒங்க வேலைக்கு சைட்புல் போதும். பட்டையான மூக்குப்பட்டை, ரெண்டு கன்னத்துப் பக்கமும் ஒரு வளையம், லகான் அதுல. நெம்புகோல் கெடையாது. கிராஸ்-அண்டர்னு இன்னொண்ணு இருக்கு, பட்டை தாடைக்கு அடியில குறுக்க போயி எதிர்க் கன்னத்து வழியா பிடரிக்கு ஏறும், இழுத்தா தலை பூரா அணைக்கும். விட்ட ஒடனே அது எளகணும், அதுலதான் சூட்சுமமே. நானே ஒரு மட்டக்குதிரை வச்சிருந்த காலத்துல அசல் லெதர்னு ஒண்ணு வாங்கினேன். ரெக்ஸின். சித்திரை வேர்வையில மேல்தோலு உரிஞ்சு வந்து பட்டை சிக்கிக்கிட்டு எளகவே இல்ல, பத்து நாள்ல கன்னத்துல ரெண்டு கோடா மயிரு கொட்டிப்போச்சு. அந்தப் பட்டைதான் இப்ப எங்க கொல்லைப் படலுக்குக் கட்டு.

காசு விஷயம். வெளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லன்னா திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கறவன் சொல்லக் கூடாதுன்னு 2020 இ-காமர்ஸ் விதியிலயே இருக்கு. அந்த 'வலியே இல்லாத' பக்கத்த இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, நாளைக்கு மாத்திடுவான். வாங்கின தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, 48 மணி நேரத்துல கெடச்சுதுன்னாவது பதில் போடணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். நடக்கலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. அதுக்கும் மசியலன்னா நாகப்பட்டினத்துலயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாம், அவன் ஊருக்கு அலைய வேண்டாம், பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமும் இல்ல. "நீ வியாபாரத்துக்கு வாங்கினே, நுகர்வோர் இல்ல"ன்னு ஒரு பிட்டப் போடுவான். சொந்தமா உழைச்சுப் பொழைக்கறதுக்கு வாங்கறவரும் நுகர்வோர்தான்னு சட்டத்துலயே எழுதியிருக்கு, அசராதீங்க.

கேள்வி: ஆஃபர்ல மூணு பிட்லெஸ் லெதர் கடிவாளம் எடுத்தேன். பார்சல நாலு மாசம் கழிச்சு இப்பதான் பிரிச்சேன், பூஞ்சை. குதிரை இனிமேதான் வாங்கணும். ரிட்டர்ன் பண்ண வழி சொல்லவும். (மயிலாடுதுறை)

பதில்: வழி இல்ல. ஐப்பசி அடைமழைய பிளாஸ்டிக் கவருக்குள்ள கழிச்ச தோலு பூக்காம என்ன செய்யும் தம்பி? குதிரையே இல்லாம எந்தத் தலைக்கு அளவெடுத்தீங்க? போனி, காப், ஃபுல்னு சைஸே மூணு இருக்கு, நம்ம பக்கத்து மட்டக்குதிரைக்கு ஃபுல் போட்டா தாத்தா சட்டைய பேரன் போட்ட மாதிரி தொங்கும். குதிரை வந்தப்பறம் வாய்க்கடையிலேருந்து பிடரி வழியா அந்தப் பக்கத்து வாய்க்கடை வரைக்கும் ஒரு அளவு, மூக்குப்பட்டை வர்ற எடத்துல சுத்தளவு ஒண்ணு, டேப்ப வச்சு எழுதிக்கிட்டு அப்பறம் கடைக்குப் போங்க. மாட்டினா ரெண்டு விரல் உள்ள போகணும். பூஞ்சைய ஈரத்துணியால தொடச்சு நெழல்ல காத்தோட்டமா தொங்க விடுங்க.

கேள்வி: இரும்பு இல்லாம குதிரை நிக்காதுன்னு எங்க மாமா சிரிக்கிறாரு. உண்மையா? (திருவையாறு)

பதில்: வெறிச்சு ஓடற குதிரைய இரும்பும் நிறுத்தாது, வலியில இன்னும் ஓடும். பழக்கந்தான் நிறுத்தும். அதுக்காக நாளைக்கே மாட்டிக்கிட்டு மினி பஸ்ஸு போற ரோட்டுல ஏறிடாதீங்க. அடைச்ச களத்துல மொதல்ல கூட நடந்து, நிக்கவும் திரும்பவும் பழக்கி, அப்பறம் ஏறுங்க. மாமாவையும் கூட்டிக்கிட்டு வந்து நிறுத்துங்க, சிரிச்சுக்கிட்டே பாக்கட்டும்.

கேள்வி: பொண்ணு ரைடிங் கத்துக்கறா. போட்டிக்கு பிட்லெஸ் வாங்கித் தரலாமா? (கும்பகோணம்)

பதில்: சர்வதேச விதிப்படி தடை தாண்டற ஷோ ஜம்பிங்ல ஓகே, குதிரைய அழகா நடத்திக் காட்டற டிரஸ்ஸாஜ்ல பிட், அதாவது வாயில இரும்பு, கட்டாயம். நீங்க போற போட்டியோட விதிப் புத்தகத்தக் கேட்டு வாங்கிப் படிச்சுட்டு அப்பறம் பர்ஸத் தொறங்கம்மா.

கேள்வி: வெறும் கயித்துலயே கட்டி ஓட்டலாமா? செலவு மிச்சம். (திருத்துறைப்பூண்டி)

பதில்: பழகின குதிரைன்னா ஓட்டலாம். மெல்லிசு நைலான் கயிறா இருந்து முடிச்சும் மூக்கெலும்பு மேல உக்காந்தா, மிச்சம் புடிச்ச காசு மருந்துக்குப் போயிடும்.

கேள்வி: அந்தியூர் சந்தையில குதிரை வாங்கினேன். வித்தவரு கடிவாளத்த இனாமா குடுத்தாரு. வீட்டுக்கு வந்து கழட்டிப் பாத்தா இரும்புல முள்ளு முள்ளா இருக்கு, வாயோரம் ரெண்டு பக்கமும் புண்ணு, நாக்குலயும் வெட்டு. கொள்ளு வச்சா பாதிய மென்னு கீழ துப்புது. பிட்லெஸ் மாட்டினா சரியாயிடுமா? (பட்டுக்கோட்டை)

பதில்: படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்ங்க. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதேம்பாங்க, நீங்க காசு குடுத்துல்ல வாங்கியிருக்கீங்க, சந்தையிலயே வாயத் தொறந்து பாத்திருக்கணும். சரி, போகட்டும். முள்ளு வச்ச இரும்பு, வண்டி இழுக்கற, பொதி சுமக்கற விலங்குகள வதைக்கக் கூடாதுங்கற 1965 விதியிலேருந்தே தடை, சவாரிக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. இனாம்னு சொல்லி அத ஒங்க தலையில கட்டிட்டாரு.

புண்ணு ஆறுற வரைக்கும் வாயில எதுவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், மெத்துன்னு ஒரு தலைக்கயித்துல நடத்துங்க. ஆனா துப்பறது புண்ணால மட்டும் இல்லாம இருக்கலாம். கடவாய்ப்பல்லு ஓரம் கத்தி மாதிரி கூராகி கன்னத்தக் கிழிச்சாலும் குதிரை அப்படித்தான் துப்பும், அதுக்கு எந்தக் கடிவாளமும் வைத்தியம் இல்ல, டாக்டர்தான் ராவி விடணும். ஒங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கந்தானே, நாளைக்கே காட்டிடுங்க. ஆறினப்பறம் சைட்புல் பத்தி எழுதுங்க, அளவோட. அந்த முள்ளு இரும்ப ஆத்துல கீத்துல வீசிடாதீங்க, வாய்ப் புண்ணையும் அதையும் போட்டோ எடுத்து, சந்தை ரசீது இருந்தா அதையும் சேத்து ஒரு துணியில சுத்தி வைங்க.