லைசென்ஸ் எடுத்தால் மலையில் மீட்புக்குப் பறக்கலாமா?

கோத்தகிரியில் தீயணைப்புத் துறையில் வேலை செய்யும் 27 வயது வாசகர் கேட்கிறார்: "சொந்தச் செலவில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டால் நம் மலையிலேயே மீட்புப் பணிக்குப் போகலாமா? பயிற்சி இங்கே கிடைக்குமா?"

நீலகிரியில் பயிற்சிப் பள்ளி கிடையாது, இருந்தாலும் இங்கே தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஊட்டி 2,240 மீட்டர், அதாவது சுமார் 7,350 அடி உயரம். காற்று ஏற்கெனவே லேசு. ஏப்ரல் மதியம் வெயில் 24 டிகிரிக்கு வந்துவிட்டால் இன்னும் லேசாகி, ரோட்டரும் (மேலே சுழலும் இறக்கை) இன்ஜினும் ஏறக்குறைய 10,000 அடியில் இருப்பதுபோல வேலை செய்யும். பயிற்சிக்குப் பயன்படும் ராபின்சன் ஆர்22 போன்ற சின்ன பிஸ்டன் ஹெலிகாப்டர், இரண்டு ஆளையும் நிறைந்த டேங்கையும் வைத்துக்கொண்டு அங்கே அந்தரத்தில் நிற்கவே திணறும். அந்தரத்தில் நிற்பதோ கற்கிறவருக்கு ஆரம்பப் பாடம்: இடது கையில் கலெக்டிவ் (ஏற்றி இறக்கும் நெம்புகோல்), வலது கையில் சைக்ளிக் (முன்பின், பக்கவாட்டில் நகர்த்தும் குச்சி), காலில் பெடல் (மூக்கைத் திருப்ப), ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிக்கட்ட வேண்டும். சமவெளியில், எஞ்சிய பவர் தாராளமாக இருக்கும்போது கற்க வேண்டியது அது.

அப்புறம் மேகம். நீங்கள் மலையில் வாழ்கிறவர், பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எவ்வளவு வேகமாக ஏறி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணித்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்ததே, அதில் இயந்திரக் கோளாறு இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது என்றுதான் விமானப்படை விசாரணை சொன்னது. அனுபவசாலிகளுக்கே அந்தக் கதி. 2024 நவம்பரில் ஜனாதிபதியே கோவையிலிருந்து ஊட்டிக்குக் காரில்தான் வந்தார், வானிலை சரியில்லாததால். பறக்காமல் இருக்கத் தெரிவதும் தொழில்தான்.

சரி, லைசென்ஸ். தனியார் விமானி லைசென்ஸுக்கு 17 வயதும் பத்தாம் வகுப்பும் போதும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஆனால் அதை வைத்துச் சம்பளத்துக்குப் பறக்க முடியாது. அதற்கு வணிக லைசென்ஸ் வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். படிக்கவில்லை என்றால் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். பணம் கட்டும் முன் டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் உடல் தகுதிச் சோதனை முடித்துவிடுங்கள். நிற வேறுபாடு தெரியாத கண் இருப்பதை லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு கண்டுபிடிப்பது கொடுமை.

இவ்வளவும் முடித்தாலும் மீட்பு ஹெலிகாப்டரில் உடனே உட்கார வைக்க மாட்டார்கள். நம் மலைகளில் பெரிய வேலை வந்தால் கோவை அருகே சூலூரிலிருந்து வருவது விமானப்படை. 2018-இல் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயிலும் விமானப்படை ஹெலிகாப்டர்கள்தான் வந்தன, 2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத்தீக்கு வாளி கட்டித் தண்ணீர் ஊற்றியதும் அவர்களே.

ஆகவே பறக்கும் ஆசையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. மீட்புக்கு உங்களிடம் வேண்டியது வேறு, அதற்கு லைசென்ஸும் வேண்டாம். இறங்கும் இடம் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும்: தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரமும் குறுக்கே போகும் மின்கம்பியும் மேலிருந்து எளிதில் தெரியாது, நீங்கள்தான் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். தார்ப்பாய், கொழுந்துக் கூடை, தளர்ந்த தகரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அகற்றுங்கள், ரோட்டர் காற்று அதையெல்லாம் தூக்கி ஹெலிகாப்டர்மீதே அடிக்கும். காற்றின் திசை காட்ட ஒரு துணியைக் கம்பில் கட்டுங்கள். விமானி சைகை காட்டாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள், வால் பக்கம் போகவே கூடாது. சரிவில் இறங்கியிருந்தால் எப்போதும் பள்ளத்துப் பக்கமிருந்து குனிந்து போங்கள். மேட்டுப் பக்கம் ரோட்டர் தலை மட்டத்துக்கே வந்துவிடும். இதை விமானப்படையோடு கூட்டு ஒத்திகையாகச் செய்து பார்க்க உங்கள் மாவட்ட அலுவலர் வழியாக எழுதிக் கேளுங்கள், கோடைத் தீக்காலம் தொடங்கும் முன், ஜனவரியிலேயே.